சும்மா வகுப்பைத் தாண்டிய நீர்நாய்

ஒரு காட்டில், வற்றிக்கொண்டிருந்த ஓர் ஆற்றின் நடுப்பாறையில், பதினேழு நீர்நாய்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தன. யார் என்ன சொல்கிறார் என்று யாருக்கும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாரும் நினைக்கவும் இல்லை.

"மறுபடியும் தின்னுட்டான்!" என்று நாணல் டீச்சர் மீசை துடிக்கக் கத்தினார். அவர் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. அவருக்கு விதி என்றால் விதிதான். "பாடம் நடத்தக் கொண்டுவந்த நண்டு! மூணு நாளில் மூணு நண்டு! இனி நான் எதை வெச்சுப் பாடம் நடத்துறது?"

"அது மெதுவா நடந்துச்சு டீச்சர்," என்றான் குற்றவாளி. "என் மூக்குக்கு முன்னாடி வந்து நின்னு வேற பார்த்துச்சு. நான் என்ன பண்றது?"

குற்றவாளியின் பெயர் சுழியன். பால்பல்கூட இன்னும் முழுதாக விழாத குட்டி. ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்க மாட்டான். அப்போதும் நிற்கவில்லை. திட்டு வாங்கிக்கொண்டே தன் வாலைத் துரத்தி மூன்று சுற்று சுற்றிவிட்டான்.

"என் பிள்ளை மேல தப்பே இல்லை!" என்று பாய்ந்து வந்தாள் அவன் அம்மா பாசி. மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுக்கு மூச்சு வாங்காது. "முதல் வகுப்புப் பாடத்தை ரெண்டே மாசத்துல முடிச்சவன் இவன். இவன் மூச்சடக்கினதைப் பார்த்து, செத்தே போயிட்டான்னு நினைச்சு அந்த வாத்தியார் அழுதார், தெரியுமா? அப்படிப்பட்ட பிள்ளையைக் கொண்டுபோய்ச் சும்மா வெச்சிருந்தா, நண்டைத் தின்னாம என்ன செய்வான்? பேசாம மூணாம் வகுப்புக்கு ஏத்திவிடுங்க!"

அங்கேதான் சண்டை பற்றிக்கொண்டது.

அந்த நீர்நாய்களின் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வகுப்பில் நீந்தவும், முங்கவும், மூச்சடக்கவும் கற்றுத்தருவார்கள். மூன்றாம் வகுப்பில் பெரியவர்களோடு வேட்டைக்கே கூட்டிப்போவார்கள். இரண்டும் ஜோரான வகுப்புகள். நடுவில் இரண்டாம் வகுப்பு என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு வருடம் முழுக்க ஒரே பாடம்தான். தோளுக்குத் தோள் வரிசையாக நீந்த வேண்டும். மூக்குக்கு முன்னால் எது போனாலும் தொடக் கூடாது. டீச்சர் ஒரு நண்டை விடுவார். தொடக் கூடாது. ஒரு தவளையை விடுவார். தொடக் கூடாது. அவ்வளவுதான் படிப்பு. குட்டிகள் அதற்குச் சும்மா வகுப்பு என்றே பெயர் வைத்திருந்தன.

இந்தச் சண்டைக்குக் கூப்பிடாமலே வந்த விருந்தாளிகளும் இருந்தார்கள்.

"ஏத்துங்க, ஏத்துங்க!" என்றது மேலே கிளையில் இருந்த மீன்கொத்தி. அதற்குத் தன்னைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாது. "நான் எந்த வகுப்புக்குப் போனேன்? முட்டையை உடைச்சேன், வந்தேன், மீனைப் பிடிச்சேன். திறமை இருக்கிறவனுக்கு வரிசை எதுக்கு? வரிசையெல்லாம் மத்தவங்களுக்கு!"

"அவசரம் வேண்டாம்," என்றது ஆமை. இந்த இரண்டு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் நிழல் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. "நான் எங்க பள்ளிக்கூடத்துல, முதல் வகுப்புல, பதினோரு வருஷம் இருந்தேன். நல்ல வகுப்பு. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்."

"ஒரு வருஷம்னா ஒரு வருஷம்!" என்றார் நாணல் டீச்சர்.

"பிள்ளை வீணாப் போறானே!" என்றாள் பாசி.

இவ்வளவு பேர் பேசினார்களே, சுழியனிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஒரே மூச்சில் சொல்லியிருப்பான்: வேட்டைக்குப் போகணும்! பெரியவர்கள் பாறையை ஒட்டியிருந்த கருமடுவில் இறங்கி, வயிறு புடைக்கத் தின்று, மீசையில் மீன் செதில் ஒட்டியிருக்கத் திரும்பி வருவதை அவன் தினமும் பார்த்தான். பார்க்கும்போதெல்லாம் அவன் கால்கள் தரையிலேயே நீந்த ஆரம்பித்துவிடும்.

கடைசியில் மடுவன் வாத்தியார் வாலால் பாறையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். எல்லோரும் வாயை மூடினார்கள். அவர் மூன்றாம் வகுப்பு ஆசிரியர். வேட்டைக்கும் அவர்தான் தலைவர். நல்லவர்தான். ஆனால் எதையாவது பார்த்துப் பூரித்துவிட்டால் அவர் மூளை அத்தோடு லீவு எடுத்துக்கொள்ளும்.

"எதுக்கு வாய்ச்சண்டை? பையனைச் சோதிச்சுப் பார்த்துடுவோம்," என்றார். "டேய் சுழியா! கருமடுவுக்கு அடியில ஒரு வெள்ளைக் கல் கிடக்கு. மூணாம் வகுப்புப் பசங்களே பாதியில திரும்பி வந்துடுவாங்க. எடுத்துட்டு வர முடியுமா?"

முடியுமா என்ற சொல் காதில் விழும் முன்பே சுழியன் தண்ணீருக்குள் இருந்தான்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று குட்டிகள் எண்ண ஆரம்பித்தன. நாற்பது எண்ணும்போது பாசியின் முகம் கொஞ்சம் மாறியது. ஐம்பத்தெட்டில் தண்ணீர் பிளந்தது. சுழியனின் வாயில் வெள்ளைக் கல்! போதாதென்று கைக்கு ஒன்றாக இரண்டு கறுப்புக் கல் வேறு.

"வெள்ளைக் கல்லு பக்கத்துல இதுங்களும் சும்மா கிடந்துச்சு," என்றான்.

மடுவன் வாத்தியாரின் கண் விரிந்தது. "இந்தத் தண்ணியை மோந்து பாரு. என்ன மீன் போயிருக்கு சொல்லு!"

சுழியன் மூக்கை நனைத்தான். "கெண்டை நாலு. ஒரு கெளுத்தி. அந்தக் கெளுத்திக்கு உடம்பு சரியில்லை."

"உடம்பு சரியில்லைன்னு எப்படிடா தெரியும்?"

"மத்ததெல்லாம் வேகமா போயிருக்கு வாத்தியாரே. அது வாசம் மட்டும் நின்னு நின்னு வருது."

கூட்டம் ஓவென்று கத்தியது. மடுவன் வாத்தியார் உட்கார்ந்த இடத்திலிருந்து குதித்தே விட்டார். "ஒரு மீன் பிடிச்சுக் காட்டு!"

சுழியன் முங்கினான். எல்லோரும் எண்ணத் தொடங்கும் முன்பே, துடிக்கிற ஒரு விராலோடு மேலே வந்தான். அந்த விரால் கிட்டத்தட்ட அவன் நீளம் இருந்தது.

"மூணாம் வகுப்பு!" என்று கத்தினார் மடுவன் வாத்தியார். "மூணாம் வகுப்பு என்ன மூணாம் வகுப்பு, இன்னைக்கே வேட்டைக்கு வாடா தங்கமே! இப்பவே வா!"

பாசி அழுதாள், சிரித்தாள், பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரைக் கடித்தாள். மீன்கொத்தி தானே சோதனையில் ஜெயித்தது போலச் சிறகை விரித்துக் காட்டியது. நாணல் டீச்சர் மட்டும் விதி, விதி என்று முனகிக்கொண்டே இருந்தார். சுழியனுக்கோ உடம்பில் இருந்த முடியெல்லாம் சிலிர்த்து நின்றது.

அந்தக் கூச்சலில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"வாத்தியாரே, அவனுக்கு வரிசை வராதே."

சொன்னவள் வண்டல். இரண்டாம் வகுப்புக் குட்டி. கொழுகொழுவென்று இருப்பாள், மெதுவாக நீந்துவாள், மூச்சடக்கச் சொன்னால் இருபதுக்குள் மேலே வந்துவிடுவாள். ஆனால் மனசில் பட்டதைச் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

"வரிசையைத் தவிர அவனுக்கு எல்லாம் வரும்," என்றாள் அவள். "நீங்க அதை மட்டும் கேட்கவே இல்லையே."

"உனக்குப் பொறாமை, போ," என்றாள் பாசி.

"பொறாமைதான் அத்தை. ஆனாலும் அவனுக்கு வரிசை வராது."

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோரும் கருமடுவின் கீழ்முனைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

கருமடு என்பது அந்த ஆற்றில் இருந்த ஆழமான பள்ளம். கோடையில் ஆறு முழுக்க வற்றிப்போக, மிச்சம் இருந்த மீன்களெல்லாம் அங்கே வந்து ஒடுங்கியிருந்தன. மழை வரும் வரைக்கும் அந்த நீர்நாய்களுக்கு அதுதான் சோறு. மடுவின் மேல்முனையில் ஆழமில்லாத மணல் மூலை ஒன்று இருந்தது. கீழ்முனையில் ஒரு பாறை இடுக்கு. அதைத் தாண்டினால் நேராக அருவி. அங்கே விழுந்த மீனை எந்த நீர்நாயாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

வேட்டை இப்படி நடக்கும். நீர்நாய்களெல்லாம் கீழ்முனையில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பிறை மாதிரி வரிசை கட்டும். அப்படியே மெல்ல மெல்ல நீந்தி, அத்தனை மீன்களையும் மணல் மூலைக்குத் தள்ளும். அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தலைவர் சீழ்க்கை அடித்த பிறகுதான் பிடிக்கலாம்.

"நீ என் பக்கத்துல வா," என்றார் மடுவன் வாத்தியார். "உன் இடத்தை விட்டு அசையாதே. சீழ்க்கை கேட்டப்புறம் உன் கைவரிசையைக் காட்டு. சரியா?"

"சரி சரி சரி!" என்றான் சுழியன்.

வரிசை நகர்ந்தது. தண்ணீருக்குள் ஒரே வெள்ளி மின்னல். நூறு மீனா, ஆயிரம் மீனா, எண்ண முடியவில்லை. கெண்டைகள் கூட்டமாகத் திரும்பின, மறுபடியும் திரும்பின. ஒரு பக்கம் பெரியம்மா ஒருத்தி, மறுபக்கம் மடுவன் வாத்தியார், நடுவில் சுழியன். வேட்டை! நிஜ வேட்டை! பாதி மடு தாண்டியாயிற்று. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போது ஒரு கெண்டை அவன் மூக்குக்கு முன்னால் வந்தது. கொழுத்த கெண்டை. மெதுவாக வந்தது.

ஒரே ஒரு மீன்தானே என்று சுழியன் நினைத்தான். உண்மையைச் சொன்னால் அதைக்கூட அவன் நினைக்கவில்லை. நினைக்கும் முன்பே பாய்ந்துவிட்டான்.

கெண்டை கிடைத்தது. வரிசையில் ஓட்டையும் விழுந்தது. முதலில் பத்து மீன் அந்த ஓட்டையில் நுழைந்தது. பிறகு நூறு. பிறகு மடுவே கவிழ்ந்தது போல அத்தனை மீனும் அந்த ஓர் ஆள் இடைவெளியில் பீறிட்டுக் கீழே ஓடின. பெரியவர்கள் திரும்பிப் பாய்வதற்குள் பாதி மீன்கள் பாறை இடுக்கைத் தாண்டி அருவியில் போய்விட்டன. மீதி, பாறைப் பொந்துகளுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டன. பயந்த மீன் பொந்தை விட்டு வெளியே வரப் பல நாள் ஆகும்.

சுழியன் வாயில் கெண்டையோடு மேலே வந்தான். "பிடிச்சுட்டேன்!" என்று கத்தினான்.

அவனைத் தவிர யாருடைய வாயிலும் எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அதே பாறையில் அதே கூச்சல். இந்த முறை பசியோடு.

"விதியை மீறினா இதுதான்!" என்றார் நாணல் டீச்சர். "முதல் வகுப்புக்கே திருப்பி அனுப்புங்க! முதல்லேருந்து படிக்கட்டும்!"

"பதினோரு வருஷம்," என்று ஆரம்பித்தது ஆமை. முடிக்க யாரும் விடவில்லை.

"பக்கத்துல இருந்தவங்க ஓட்டையை அடைச்சிருக்கணும்!" என்றாள் பாசி. "என் பிள்ளை வேகத்துக்கு இவங்களால ஈடுகொடுக்க முடியலை. அதுக்கு அவன் என்ன செய்வான்?"

"தனியாப் பிடிக்கச் சொல்லுங்க," என்றது மீன்கொத்தி. "என்னை மாதிரி!"

"அவன் தனியாப் பிடிப்பான். அவன் சித்தி தனியாப் பிடிப்பாளா?" என்றாள் பெரியம்மா.

அந்தப் பேச்சு சுழியனுக்குச் சுருக்கென்று தைத்தது. சித்தி பாறையின் பொந்தில் படுத்திருந்தாள். அவள் குட்டி போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. கண் திறக்காத நான்கு குட்டிகளும் அவள் வயிற்றை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு, பால் வராமல் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. வேட்டையில் மீன் கிடைத்தால் முதல் பங்கு பால் கொடுக்கிறவளுக்குத்தான். அன்று பங்கே இல்லை.

சுழியன் தான் பிடித்த கெண்டையைத் தின்னவே இல்லை. அதைச் சித்தியின் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

"ஒரு கெண்டை எனக்கே பத்தாதுடா," என்றாள் சித்தி. திட்டவில்லை. திட்டியிருந்தாலே தேவலை.

அவன் திரும்பி வந்தபோது வண்டல் பேசிக்கொண்டிருந்தாள். சின்னவள் பேசுகிறாள் என்பதால் யாரும் கேட்கவில்லை. அதனால் அவள் நாணல் டீச்சரின் முதுகில் ஏறி நின்று பேசினாள்.

"ஏன் எல்லாரும் ஒண்ணு மேலே தூக்குறீங்க, இல்லாட்டி ஒரேயடியா கீழே தள்ளுறீங்க? நீந்தவும் முங்கவும் அவனுக்கு வரும். அதுக்கு எதுக்கு முதல் வகுப்பு? வரிசை வராது. அது எங்க வகுப்புல இருக்கு. வந்து கத்துக்கட்டும். வந்ததும் அனுப்புங்க."

"ஒரு வருஷம்..." என்றார் டீச்சர்.

"அந்த ஒரு வருஷத்தை யார் வெச்சது டீச்சர்?"

நாணல் டீச்சர் முதுகில் நின்றவளின் வாலைப் பிடித்து இழுத்தார். "எல்லாருக்கும் ஒரு வருஷம் ஆகுது. அதனால ஒரு வருஷம்."

"எனக்கு ஒண்ணரை வருஷம் ஆகும். அவனுக்கு ஒரு மாசம் போதுமோ என்னவோ. வந்தா அனுப்புங்க. வராட்டி வெச்சுக்கோங்க. முதல்ல என் வாலை விடுங்க, வலிக்குது."

மடுவன் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "பொந்துக்குள்ள போன மீன் வெளியே வர இன்னும் இருபது நாளாவது ஆகும்," என்றார். "அதுவரைக்கும் வேட்டை கிடையாது. தவளையையும் நண்டையும் தின்னு எப்படியோ காலம் தள்ளணும். சுழியா, அதுவரைக்கும் ரெண்டாம் வகுப்புல இரு. வரிசை வந்துச்சுன்னா அடுத்த வேட்டைக்கு என்கூட வா. வரலைன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. மடுவில் மிச்சம் இருந்தது பாதி மீன். இன்னொரு ஓட்டை விழுந்தால் மழை வரும் வரைக்கும் எதுவும் கிடையாது.

மறுநாள் சுழியன் சும்மா வகுப்பில் வரிசையில் நின்றான். டீச்சர் ஒரு நண்டை விட்டார்.

சுழியன் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கண்ணை மூடியதில் வரிசை எந்தப் பக்கம் போனதென்று தெரியாமல் நேராகப் போய்க் கரையில் முட்டிக்கொண்டான்.

இரண்டாம் நாள் கண்ணைத் திறந்திருந்தான். நண்டைத் தின்றான்.

மூன்றாம் நாள் தவளையைத் தின்றான்.

"என்னால முடியலை," என்று அவன் வண்டலிடம் சொன்னான். "சும்மா இருக்கவே எனக்கு வரலை. முன்னாடி ஒண்ணு அசைஞ்சா என் கால் தானாப் பாயுது. நான் மக்கா?"

"நீ மக்கில்லை. நீ தப்பான இடத்தைப் பார்க்குறே," என்றாள் வண்டல். "நண்டையே பார்த்தா யாருக்கும் நண்டு மேலதான் கால் போகும். எனக்கும் போகும். நான் மெதுவா இருக்கிறதால தப்பிக்கிறேன், அவ்வளவுதான்."

"அப்ப எதைப் பார்க்கிறது?"

வண்டலின் மீசை குறும்பாக ஆடியது. "உன்னால கண்டுபிடிக்க முடியாத ஒண்ணு இருக்கு."

"என்னால முடியாததா? என்னது?"

"நாளைக்கு வரிசையில நீ என் பக்கத்துல நில்லு. நான் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவேன்னு, நான் திரும்புறதுக்கு முன்னாடியே நீ திரும்பணும். உன்னால முடியாது."

"பூ! இதென்ன பெரிய விஷயம்!"

மறுநாள் நான்காம் நாள். சுழியன் வண்டலின் வாலையே பார்த்தான். வால் நுனி இடப்பக்கம் துடித்தது. அவன் இடப்பக்கம் திரும்பினான். வண்டல் வலப்பக்கம் போனாள். இருவரும் மண்டையில் மோதிக்கொண்டார்கள்.

"தோத்துட்டே!" என்றாள் வண்டல்.

"இன்னொரு தடவை! இன்னொரு தடவை!"

மாலைக்குள் அவன் கண்டுபிடித்துவிட்டான். வால் பொய் சொல்லும். தோள் பொய் சொல்லாது. திரும்புவதற்கு முன் தோள் லேசாக இறங்கும். அடுத்த நாள் வண்டல் திரும்பும் முன்பே அவன் திரும்பினான். அவனுக்கு அடக்க முடியாத குஷி.

"சரி, ஒருத்தி தோளைப் பார்த்துட்டே," என்றாள் வண்டல். "அந்தப் பக்கமும் ஒருத்தன் இருக்கானே. ரெண்டு பேர் தோளையும் ஒரே நேரத்துல பார்க்க முடியுமா? முடியாது, விடு."

அவ்வளவுதான். அன்றிலிருந்து சுழியனை வகுப்பிலிருந்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு தோள். இவள் முந்தினால் அவன் பிந்துகிறான், அவன் பிந்தினால் அடுத்தவன் வளைகிறான். ஒருவர் அசைந்தால் வரிசை முழுவதிலும் ஓர் அலை ஓடுகிறது. அந்த அலை தன்னிடம் வரும் முன்பே அதைப் பிடிக்க வேண்டும்! வெள்ளைக் கல்லை எடுத்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. இவ்வளவு கஷ்டமான பாடத்துக்குப் போய் சும்மா வகுப்பு என்று பெயர் வைத்தவன் யார்?

பன்னிரண்டாம் நாள் டீச்சர் நண்டை விட்டார். நண்டு சுழியனின் மூக்குக்கு முன்னால் வந்து நின்று பார்த்தது. நடந்து போய்விட்டது.

"டீச்சர், இன்னைக்கு நண்டு விடலையா?" என்று கேட்டான் சுழியன், வகுப்பு முடிந்த பிறகு.

நாணல் டீச்சர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்று அந்த நண்டை அவரே தின்றார்.

இருபத்து மூன்றாம் நாள் கருமடுவில் மீன்கள் பொந்தை விட்டு வெளியே வந்திருந்தன. பெரியவர்களின் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி இருந்தது. சித்தியின் குட்டிகள் இப்போது கத்தவும் இல்லை.

"வரிசை வருமா?" என்று மடுவன் வாத்தியார் நாணல் டீச்சரிடம் கேட்டார். சுழியனிடம் கேட்கவில்லை. பாசியிடமும் கேட்கவில்லை.

டீச்சருக்கு விதி தொண்டையில் சிக்கியது. மென்று விழுங்கினார். "வரும். கூட்டிட்டுப் போங்க."

வரிசை கட்டினார்கள். சுழியனுக்கு இடப்பக்கம் மடுவன் வாத்தியார். வலப்பக்கம் சித்தி. நிற்கவே தெம்பில்லாதவள், ஆள் போதவில்லை என்று வந்திருந்தாள். புலி, முதலை வருகிறதா என்று கரையில் இருந்து பார்க்கும் காவல் அன்று பாசியின் முறை. அவள் கரைப்பாறை மேல் நின்றாள். கண் மட்டும் காட்டைப் பார்க்கவில்லை, மகனையே பார்த்தது.

வரிசை நகர்ந்தது.

சித்தியின் தோள் இறங்கியது. அவன் அவளுக்கு முன்பே இறங்கினான். வாத்தியாரின் தோள் ஏறியது. அவனும் ஏறினான். சித்தி களைத்துப் பின்தங்கினாள். அந்த அலை தன்னிடம் வரும் முன்பே அவன் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்து இடைவெளியை அடைத்தான். பாதி மடு. முக்கால் மடு. முன்னால் மீன்கள் கொதிக்கிற தண்ணீர் மாதிரி புரண்டன.

அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு வாளை பிரிந்து வந்தது.

அவ்வளவு பெரிய மீனை அந்த ஆற்றில் யாரும் பார்த்ததில்லை. சுழியனைப் போல மூன்று மடங்கு. நேராக அவனை நோக்கி வந்தது. வரிசையிலேயே சின்னவன் அவன்தான் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அதன் பின்னால் அத்தனை மீன்களும், அது எந்தப் பக்கம் போகிறதென்று பார்த்துக்கொண்டு காத்திருந்தன.

வாளை அவன் தாடையை உரசியது. அவன் மீசை அதன் வயிற்றில் பட்டது. வாயைத் திறந்தால் போதும்.

"சுழியா!" கரையில் பாசிக்குத் தலைகால் புரியவில்லை. "பிடி! பிடிடா என் ராஜா! எல்லாரும் பார்க்கட்டும்!"

வாளை அவன் இடப்பக்கம் ஓட்டை தேடியது. இல்லை. வலப்பக்கம் தேடியது. சித்தியின் தோளும் அவன் தோளும் ஒட்டியிருந்தன. அங்கேயும் இல்லை. அது ஒரு கணம் நின்றது. பிறகு வாலைச் சுழற்றி மணல் மூலைப் பக்கம் திரும்பியது. மீன் கூட்டம் மொத்தமும் அதன் பின்னால் திரும்பியது.

சீழ்க்கை இன்னும் வரவில்லை.

"போகுதுடா! இப்பவாவது பிடி!" என்று கத்தினாள் அம்மா.

சுழியன் பிடிக்கவில்லை.

நீதி: பிள்ளைக்குத் தெரிந்ததை மட்டும் பார்த்து மேலே ஏற்றாதே, தெரியாதது எது என்று பார், அது வந்ததும் ஒரு நாளும் தாமதிக்காமல் ஏற்று.